என் நாடிக்குக் கட்டிய பொட்டலங்கள்

போர்ட் பிளேரில் இறங்கியதும் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, பார்ப்பதற்கு முன்பே முகத்தைச் சுளித்தார். அப்படி ஒரு வாசனை. உள்ளே முப்பது காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் காய்ந்த வேர், சீவல் சீவலாகச் சீவிய கிழங்கு, சுருங்கிப்போன சிவப்புப் பேரீச்சை. ஒன்றைப் பிரித்து மோந்துவிட்டு, இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தி பத்து வார்த்தை இருக்கும். "காடா," என்றேன். கஷாயம் என்று அர்த்தம், அக்கா ஃபோனில் சொல்லிக்கொடுத்தது. யாருக்கு என்றார். "தீதி," என்று அக்காவைச் சொன்னேன். என்ன வியாதி என்றார்.

பின்னால் இருபது ஆண்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உடம்பு எரிகிற எரிச்சலை அவர்கள் முன்னால் எந்த மொழியில்தான் சொல்வது? நெற்றியைத் துடைத்து, முந்தானையால் விசிறிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் இப்படித்தான், தூங்குவதே இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அன்றைக்கு அவர் அத்தனையையும் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு வருடத்துப் பொட்டலங்கள் ஏற்கெனவே அக்காவின் வயிற்றுக்குள் போய்விட்டன.

அக்கா பெயர் அமலி. வயது ஐம்பத்து நான்கு. நான் மெர்சி, நான்கு வயது இளையவள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, ஒருத்தி அந்தமானுக்கும் ஒருத்தி பினாங்குக்கும் வாழ்க்கைப்பட்டோம். அத்தான் சூசைக்கு நிக்கோபார் போகிற கப்பலில் வேலை. போனால் வாரம் பத்து நாள் ஆகும் திரும்ப. அக்கா ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வெளியே இட்லிக் கடை வைத்திருந்தாள். கப்பல் ஏறுகிற பெங்காலி, தெலுங்கு, மலையாளி எல்லோரும் அவள் சாம்பாருக்கு அடிமை. மூன்று வருடம் முன்பு மாதவிடாய் நின்றது. அதோடு அடுப்பு முன்னால் அவளால் நிற்க முடியவில்லை. திடீரென்று காது மடல் வரை தீப்பிடித்ததுபோல் ஆகுமாம், ரவிக்கை தொப்பலாகுமாம். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். ஒரு நாள் கொதிக்கிற இட்லிப் பானையையே தள்ளிவிட்டாள். கடையை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் இருக்கிற வீட்டில் உட்கார்ந்தாள். "செத்துரலாம்போல இருக்குட்டி," என்று ஃபோனில் அழுதாள்.

பினாங்கில் சீன வைத்தியரைச் சின்சே என்போம். எங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார். அவரிடம் போய் அக்கா கதையைச் சொன்னேன். ஆளைக் கூட்டி வா, மணிக்கட்டைத் தொட வேண்டும், நாக்கைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு மருந்து என்றார். ஆளை எப்படிக் கூட்டி வருவது, கடல் குறுக்கே கிடக்கிறதே! நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வாரம் வேறொரு சின்சேயிடம் போனேன். வயதைக் கூட்டி, நோய் எனக்குத்தான் என்று சொல்லி என் கையை நீட்டினேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, நாடி என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. "பெரிய சின்சே, ஒனக்குன்னே பாத்துக் குடுத்திருக்காரு," என்றுதான் சொன்னேன்.

மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் இருந்தார் அந்தக் கிழவர். எடுத்துக் கட்டியவற்றில் தோங் குவாய் என்கிற வேர்தான் முக்கியமாம், பெண்களுக்கே உரியதாம். மண் சட்டி, மூன்று கிண்ணம் தண்ணீர், ஒரு கிண்ணமாக வற்ற வேண்டும். தேத்தண்ணீர் கூடாது. வாரம் ஒரு நாள் கருங்கோழி சூப். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போவேன். ஒவ்வொரு முறையும் கேட்பார், நின்ற பிறகு ரத்தம் ஏதாவது பட்டதா என்று. இல்லை என்பேன். அக்காவிடம் கேட்காமலேயே சொல்வேன். எப்படிக் கேட்பது? அவள் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும், பக்கத்தில் அத்தானோ யாரோ இருப்பார்கள். "எப்படி இருக்கக்கா?" என்பேன். "மருந்து நல்லா வேலை செய்யுதுட்டி," என்பாள். போதும் என்று வைத்துவிடுவேன். பினாங்கிலிருந்து சென்னை போகிறவர்களிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட, அங்கிருந்து அத்தானுடைய சிநேகிதர்கள் கப்பலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்த முறை நானே கொண்டு வந்தேன். அக்காவைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் அத்தான் கப்பலில் போயிருந்தார். வாசலில் நின்ற அக்காவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நிறம் வெளுத்து, கன்னம் ஒட்டி இருந்தாள். "என்னக்கா இப்படி ஆயிட்ட?" என்றேன். "வெயிட்டு கொறைஞ்சிருக்கு, நல்லதுதான," என்று பெருமையாகச் சொன்னாள். சுறாப்புட்டும், இங்கே சுர்மை என்கிற வஞ்சிர மீன் குழம்பும் வைத்திருந்தாள். பினாங்கில் எந்தக் குழம்பிலும் ஒரு சொட்டு இனிப்பு ஒளிந்திருக்கும். இது சுத்தமான புளியும் தேங்காயும். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். அவள் ஒரு கைப்பிடி சாப்பிட்டாள். எனக்கு லால் சாய் போட்டுக் கொடுத்தாள், பால் இல்லாத சிவப்புத் தேத்தண்ணீர், இந்தத் தீவே அதில்தான் ஓடுகிறது. அவள் ஒரு வருடமாக அதைத் தொடவில்லையாம். "சின்சே கூடாதுன்னாரே," என்றாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் ஐந்து மணிக்கே பளபளவென்று விடிந்துவிடுகிறது. பினாங்கில் அந்நேரம் கும்மிருட்டாகக் கிடக்கும். இரண்டாம் நாள் ஆறு மணிக்கே அக்கா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். சௌல்தாரியில் ஒரு ராஞ்சிக்கார அம்மா கருங்கோழி வளர்க்கிறாராம், வாரா வாரம் அங்கே போய்த்தான் வாங்குவாளாம். சின்சே சொன்ன சூப்புக்கு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பாக்கு மரமும் வளைவும் மேடுமாகப் போனோம். என் பக்கத்தில் இருந்த பெங்காலி அம்மாள் மடியில் பூசணிக்காயோடு என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் பூசணிக்காய் என் மடிக்கு வந்து போனது. கோழிக்கார அம்மா அக்காவைக் கண்டதும் உள்ளிருந்து கத்தினார். என்ன என்று கேட்டேன். "இன்னிக்கும் பஸ் ஸ்டாப்புலருந்து நடந்தா வந்தன்னு ஏசுதா," என்று அக்கா சிரித்தாள்.

திரும்பும் வழியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி முன்னால் திறந்து பார்த்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். அவர் பீடி பற்றவைத்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்று பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "பஸ் கராப் ஆயிட்டு, வாட்டி," என்று அக்காவும் இறங்கினாள். ரோட்டோரத்துச் சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை, உதடு வெள்ளை. உடம்பு எரிகிறதாக்கும் என்று நான் செய்தித்தாளால் விசிறினேன். பையிலிருந்த கோழி வேறு கத்திக்கொண்டே இருந்தது. வேறொரு பஸ் வந்து எல்லோரும் ஓடி ஏறியபோது, அக்கா எழுந்ததும் முந்தானையைப் பின்னால் இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மரமண்டை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆரம்பித்துவிட்டது. எனக்கு இன்னும் முழுசாக நிற்கவில்லை, நினைத்தால் வரும், நினைத்தால் வராது. "அக்கா, பக்கத்துல கடை இருக்கா? பேட் வாங்கணும்," என்றேன்.

"கடைக்கு எதுக்கு? அந்த டிராவத் தொற."

திறந்தேன். பத்துப் பதினைந்து பாக்கெட் அடுக்கியிருந்தது, பெரிய அளவு. அவளுக்குப் பெண் குழந்தையும் இல்லை.

"ஒனக்கெதுக்குக்கா இது?"

அக்காவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த வெட்கம். "ஒங்கிட்ட நேர்லதான் சொல்லணும்னு வச்சிருந்தேன். ஃபோன்ல எப்படிச் சொல்ல, அத்தான் பக்கத்துல இருப்பாவ. நின்னுபோனது திரும்ப வந்துட்டுட்டி. ஏழு மாசமா வருது. அந்த எரிச்சலும் பாதி கொறைஞ்சுட்டு. ஒன் மருந்துதான். ஒடம்பு திரும்ப எளசாவுது போலுக்கு!"

பினாங்கில் எங்கள் கிளினிக் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்கவும். ஒவ்வொரு முறை நம்பர் கூப்பிடக் காத்திருக்கும்போதும் சும்மா வாசித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு எழுத்தாகக் கண் முன்னால் வந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றேன்.

"எதுக்குட்டி? நல்லது நடக்குறதுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாவளா?"

"அக்கா, இது நல்லது இல்ல."

"சின்சே பாத்துக் குடுத்ததுன்னு நீதான சொன்ன."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் பாட்டுக்குக் கருங்கோழியைச் சுத்தம் செய்யப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். கான்டீனில் பூரி தின்றோம், நான்தான் தின்றேன், பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். டாக்டர் ஒரு பெண், என் மகள் வயது. தமிழ் தெரியாது, ஹிந்திதான். எனக்கு ஹிந்தி தெரியாது, ஆங்கிலமும் கடை கண்ணிக்கு ஆகிற அளவுதான். ஆக, டாக்டர் சொல்வதை நோயாளியே எனக்கு மொழிபெயர்த்தாள். இப்படி ஒரு கொடுமை யாருக்கும் வரக் கூடாது.

"எத்தன மாசமான்னு கேக்காவ. ஏழுன்னு சொல்லிட்டேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் இவ்வளவு நாள் வரலைன்னு கேக்காவ." அக்கா அதற்கு ஹிந்தியில் ஏதோ சொன்னாள். நடுவில் "சீனா" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இதுனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாதாம். இல்லைன்னும் சொல்ல முடியாதாம். ஆனா இத நம்பி வீட்டுல இருந்த மாசமெல்லாம் திரும்பக் கெடைக்காதாம். இனிமே குடிக்கக் கூடாதாம்." கர்ப்பப்பை உள்தோல் தடித்திருக்கிறது என்றார்கள் ஸ்கேனில். கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கடலுக்குள் தலையை விட்டுப் பவளப்பாறை பார்க்கிறார்கள், நான் கராச்சர்மாவில் ஒரு சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தையல் விட்ட தலையணை உறைகளைத் தைத்தாள். மருந்தை நிறுத்திய மூன்றாம் நாளே எரிச்சல் பழையபடி வந்துவிட்டது அவளுக்கு. ரவிக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஈரத் துண்டோடு தரையில் கிடந்தாள். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். செய்ய வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் அத்தானின் கப்பல் வந்தது. அக்கா வர மறுத்ததால் நான் மட்டும் ஃபீனிக்ஸ் பேக்குப் போனேன். நிக்கோபாரிலிருந்து வந்தவர்கள் இளநீர்க் குலையும் மூட்டையும் குழந்தையுமாக இறங்கினார்கள். அக்காவின் இட்லிக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் சமோசா போடுகிறார். அத்தான் என்னைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே கூடு. கூட்டில் இரண்டு கறுப்புக் கோழி.

"காமோர்ட்டா தீவுல கெடைச்சுது மெர்சி, ஒரிஜினல் நாட்டுக்கோழி. ஒங்கக்கா சூப்புக்கு," என்றார்.

ஜெட்டி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு பையைக் கீழே வைத்தார். "ஏழு மாசமாவா?" என்றார். "ஒரே வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியலயே. நான் கோழிதான வாங்கிட்டு வந்தேன்." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. கூட வேலை செய்கிறவர்கள் "க்யா ஹுவா பாய்?" என்று சுற்றி வந்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தண்ணீரில் குதித்துவிடலாம்போல் இருந்தது.

பதினோராம் நாள் ரிசல்ட் வந்தது. டாக்டர் நெடுநேரம் பேசினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மெயின்லேண்டுக்குப் போகணுமாம். சீக்கிரம் போகணுமாம்," என்று மட்டும் சொன்னாள். டாக்டர் பேசிய அவ்வளவும் இவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை. நடுவில் ஒரு வார்த்தை வந்தது, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. கர்ப்பப்பையைத் தாண்டிப் போயிருக்கலாம் என்று பின்னால் அத்தான்தான் சொன்னார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். "பெரிய சின்சேக்குக்கூடத் தெரியலையே," என்றாள். "அவருக்கு நாடியிலயே தெரிஞ்சிருக்கணுமேட்டி."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. பஸ் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "அவரு ஒன் நாடியப் பாக்கலக்கா. பாத்தது என் கைய. எனக்குத்தான் நோவுன்னு சொல்லி என் கைய நீட்டினேன். ரத்தம் வருதான்னு ஒவ்வொரு வாட்டியும் கேட்டாரு. நான்தான் இல்லன்னேன்."

அக்கா என்னை அடித்திருக்கலாம். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி ஏசியிருக்கலாம், ஏசக்கூடியவள்தான். கராச்சர்மாவில் இறங்கும்போது என் பையையும் சேர்த்து அவளே எடுத்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு போடுவாள், மீன் வைப்பாள், போய்விடுவாள். மன்னிப்புக் கேட்டு அவள் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் சென்னை கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, சமையலறையிலிருந்து அந்த வாசனை வந்தது. வேரும் மண்ணும் கலந்த வாசனை. ஓடினேன். மண் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் பிரித்த பொட்டலம்.

"அக்கா! டாக்டர் கூடாதுன்னாவல்லா!"

"எனக்கில்ல."

முகத்தைத் துடைத்துத் துடைத்து, மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாக வற்றும்வரை அந்தச் சூட்டிலேயே நின்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் விடவில்லை. வடித்து, ஆற்றி, டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"ஒன் கையப் பாத்துத்தான குடுத்தாரு? அப்ப இது ஒனக்குள்ளது. ஒனக்கும் தூக்கமில்ல, வேக்குது, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். குடி. அடியில விடாத."

அடியில விடாதக்கா. ஒரு வருடமாக நான் ஃபோனில் அவளிடம் சொன்னது அது. டம்ளரை எடுத்தேன். நிறம் கறுப்பு, குமட்டுகிற கசப்பு, கடைசியில் ஒரு அசட்டு இனிப்பு. இந்தச் சனியனை நாள் தவறாமல் குடித்திருக்கிறாள் என் பேச்சை நம்பி. அழுதுகொண்டே குடித்தேன். அவள் டம்ளரை வாங்கி அடியைப் பார்த்துவிட்டுக் கழுவப் போனாள்.

பாயில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். மருந்தா, இத்தனை நாள் அழுத களைப்பா, எனக்குத் தெரியாது. கனவு இல்லை, வியர்வை இல்லை, புரளவில்லை. இரண்டு வருடத்தில் அப்படி நான் தூங்கியதே இல்லை. விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. அத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளை மடித்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு மருந்து கேக்குதுட்டி," என்றாள்.